பால்வழித் தங்கை

கம்பெனியில் சால்வை போர்த்தி, குத்துவிளக்கு கொடுத்து, எல்லோருமாக நின்று போட்டோ எடுத்து அனுப்பிவைத்த மறுநாளும் அமிர்தவள்ளி விடியலிலேயே எழுந்துவிட்டாள். குளித்தாள். டிபன் பாக்ஸைத் துடைத்து வைத்தாள். மாதனூர் கூட்ரோட்டில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தபோதுதான், இனி அது தனக்காக நிற்கப்போவதில்லை என்பது உறைத்தது.

எட்டாவது முடித்த கையோடு ஷூ கம்பெனிக்குப் போனவள் அவள். நூல் வெட்டும் பெண்ணாகச் சேர்ந்து, மெஷினில் உட்கார்ந்து, கடைசியில் ஷூவின் மேல்பாகம் தைக்கும் ஒரு லைன் முழுவதற்கும் சூப்பர்வைசர் ஆனாள். லைனில் அவளுக்கு வாயாடி என்று பெயர். தப்பு செய்த பெண்ணை எல்லோர் எதிரிலும் திட்டுவாள். திட்டு முடிந்ததும் அதே பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே ஊர்க்கதை பேசுவாள். புருஷன் இளம் வயதிலேயே போய்விட, ஒரே மகன் இளம்பரிதியை அந்தச் சம்பளத்தில்தான் இன்ஜினீயர் ஆக்கினாள். அவன் பெங்களூரில் குடும்பத்தோடு இருந்தான். வந்துவிடு வந்துவிடு என்று கூப்பிட்டான். போய்ப் பார்த்தாள். பேச ஆள் இல்லாத அடுக்குமாடி வீட்டில் ஒரு மாதம் தாங்கவில்லை. திரும்பி வந்துவிட்டாள்.

அவள் மனதில் ஒரே ஒரு குறை மட்டும் இருந்தது. கடைசி சில வருடங்களாக அவள் லைனில் வேலைக்கு வந்த பெண்கள் பாதிப்பேர் டிகிரி முடித்தவர்கள். டிரெயினிங், மீட்டிங் என்று ஏதாவது பேப்பர் வந்தால் ‘கல்வித் தகுதி’ என்ற இடத்தில் எட்டு என்று எழுதிவிட்டு, பக்கத்தில் இருப்பவள் பார்க்காதபடி கையால் மறைத்துக்கொள்வாள். பத்தாவதாவது எழுதிவிட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. வேலையில் இருந்தவரை அதற்கு நேரம் வாய்க்கவில்லை. இப்போது நேரத்தைத் தவிர வேறெதுவும் இல்லை.

“ஆம்பூர்ல மரபுக் குழுன்னு ஒண்ணு இருக்குதுக்கா. பஜாருக்குப் பின்னால ஒரு பழைய வீட்ல சாயங்காலத்துல கிளாஸ் எடுக்கறாங்க. பத்தாவது பிரைவேட்டா எழுதறவங்களுக்கு” என்று லைனில் இருந்த ஒரு பெண் சொன்னாள்.

அந்தக் குழுவைப் பற்றி ஊரில் பலவிதமாகப் பேசிக்கொண்டார்கள். கபரஸ்தானிலும் கல்லறைத் தோட்டத்திலும் போய் எழுத்து அழிந்த கல்லை எல்லாம் கழுவிப் படிப்பார்கள். பழைய கட்டடத்தை இடிக்கப் போனால் குறுக்கே வந்து நிற்பார்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் உங்கள் பாட்டன் பேர் என்ன, அவருக்கு அப்பன் பேர் என்ன என்று கேட்பார்கள். வேலைவெட்டி இல்லாதவர்கள் என்று சிரித்தவர்களும் உண்டு. ஆனால் அந்தச் சாயங்கால வகுப்பை மட்டும் யாரும் குறை சொல்லவில்லை. ஷூ கம்பெனியில் வேலை செய்தபடியே அங்கே படித்துப் பாஸானவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள்.

குழுவின் செயலாளர் கௌசர். கல்லூரியில் சரித்திரம் நடத்தி, வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கிய பெண்மணி. நாற்பதைத் தாண்டிய வயது, மெதுவான பேச்சு. அமிர்தவள்ளியைப் பார்த்ததும் வயதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “கணக்கு வருமாக்கா?” என்று மட்டும் கேட்டார்.

“கம்பெனி கணக்கு வரும் டீச்சர். ஸ்கூல் கணக்கு வராது.”

“அப்போ பாதி கிணறு தாண்டிட்டீங்க. வாங்க.”

வகுப்பு நடந்த வீடு ஒரு காலத்தில் தோல் வியாபாரம் செய்த குடும்பத்துடையது. நடுவில் பெரிய கூடம், தேக்குத் தூண்கள், மேலே மரச் சட்டங்களின் மீது செங்கல் அடுக்கிய பழைய மெத்தைக் கூரை. பல வருடங்கள் பூட்டிக் கிடந்ததில் ஒரு பக்கம் ஒழுகிக் கிடந்தது. சொந்தக்காரர் மஹபூப் பாஷா சென்னையில் பெரியமேட்டில் இருப்பவர். இடித்து வணிக வளாகம் கட்டலாம் என்று உறவுக்காரர்கள் சொன்னதைக் கேட்காமல், பழுது பார்த்துப் பாடம் நடத்துங்கள் என்று குழுவிடம் சாவியைக் கொடுத்துவிட்டாராம். கூடத்தில் வகுப்பு நடக்கும்போதே பின்கட்டில் சுண்ணாம்பு அரைக்கும் கல் சுற்றிக்கொண்டிருக்கும். சுண்ணாம்பில் சேர்க்கக் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரின் வாடை கூடம் வரை வரும். அமிர்தவள்ளிக்கு அந்த வாடை பிடித்துப்போயிற்று.

ஞாயிற்றுக்கிழமைகளில் கௌசர் பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிடுவார். அன்று வம்ச மரம். உருது பேசும் வீடுகளில் அதை ஷஜரா என்பார்கள். “நாட்டு சரித்திரம் மண்டைல ஏறலன்னா வீட்டு சரித்திரத்துலேர்ந்து ஆரம்பிங்க” என்பது அவர் வழி. ஒவ்வொருவராக எழுந்து தன் குடும்பத்தில் கேட்டதைச் சொல்ல வேண்டும். அதைக் குழு தன் வரைபடத்தில் ஏற்றுவதற்கு ஒரு விதி வைத்திருந்தது: ஒரே விஷயத்தை, ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாத இரண்டு பேர் சொல்ல வேண்டும். அதுவரை பென்சிலில்தான் இருக்கும்.

அமிர்தவள்ளியின் முறை வந்தபோது அவள் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னாள்.

“எங்கம்மா பேரு கன்னியம்மா. அவங்களுக்கு தலச்சன் ஆம்பள புள்ள பொறந்த கொஞ்ச நாள்லயே தவறிப்போச்சி. மாருல பால் கட்டிக்கினு, ஜுரம் வந்து படுத்துட்டாங்களாம். அப்போ பிரசவம் பாக்கற அம்மா வந்து, ஆம்பூர்ல ஒரு பாய் வூட்ல புள்ளைய பெத்துட்டு தாய் போய்ட்டா, புள்ள பாலுக்கு அழுவுது, வர்றியான்னு கேட்டாங்களாம். எங்கம்மா ஜுரத்தோடவே எந்திரிச்சி நின்னுட்டாங்களாம்.”

முன்வரிசையில் ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். அமிர்தவள்ளிக்கு அது பொறுக்கவில்லை. அவர்களைச் சிரிக்கவைக்க வேண்டுமென்று தோன்றியது.

“கேளுங்க, இனிமே தான் வேடிக்கை. அந்தப் புள்ள நோஞ்சான். இது பொழைச்சிக்கினா சோளிங்கர் மலை ஏறி வர்றேன்னு எங்கம்மா வேண்டிக்கினாங்க. புள்ள தேறிடுச்சி. கார்த்திக ஞாயித்துக்கெழமைல அந்த வூட்டுக்காரங்களே ரயிலுக்கு சீட்டு வாங்கி அனுப்பினாங்க. பால் குடிக்கிற புள்ளைய விட்டுட்டுப் போவ முடியுமா? கூடவே எடுத்துக்கினு போனாங்க. அடிவாரத்துல கூட வந்தவங்க கிட்ட புள்ளைய குடுத்துட்டு மலை ஏறினாங்க. பாதி மலை ஏறினதும் மாரு கனத்து, பொடவையெல்லாம் நனைஞ்சி போச்சி. கீழ புள்ள அழுவுதுன்னு மனசுல பட்டுடுச்சி. அவ்ளோதான், சாமிய பாக்காமலே எறங்கி ஓடி வந்துட்டாங்க. ‘கார்த்திகைல தான் அந்த சாமி கண்ணைத் தொறக்குமாம். அது கண்ணத் தொறந்து பாக்குது, நான் முதுக காட்டிக்கினு ஓடறேன்’னு சொல்லிச் சொல்லி சிரிப்பாங்க எங்கம்மா.”

எல்லோரும் சிரித்தார்கள். கௌசர் சிரிக்கவில்லை.

“அப்புறம் அந்தக் குழந்தை என்ன ஆச்சிக்கா?”

“தெரியல டீச்சர். அவங்கப்பா ரெண்டாங் கல்யாணம் பண்ணிக்கினு புள்ளையோட மெட்ராஸ் போய்ட்டாராம். அது தெரியாம எங்கம்மா ஒரு நாள் முறுக்கு சுட்டு எடுத்துக்கினு போயிருக்காங்க. வூடு பூட்டியிருந்துதாம். அதுக்கப்புறம் அந்தத் தெருப் பக்கமே போவல. எந்தத் தெருன்னு கேட்டாலும் வாயத் தொறக்க மாட்டாங்க. புள்ள பேர கேட்டா ராஜான்னுவாங்க. அது இவங்க வெச்ச பேரு.”

இன்னும் சொல்ல வந்தாள். நேரமாகிவிட்டது என்று கௌசர் நிறுத்திவிட்டார். எல்லோரும் போன பிறகு, “அக்கா, நாளைக்கு என்கூட வாணியம்பாடி வரைக்கும் வர்றீங்களா? ஒரு பெரியவங்க கிட்ட விவரம் கேக்கணும்” என்றார். “ஆனா அங்க நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது. உங்க பேரு, ஊரு கூட சொல்லக் கூடாது.”

“எதுக்கு டீச்சர்?”

“நம்ம விதி தான்க்கா. வேற ஒண்ணுமில்ல.”

விவரம் சேகரிப்பது எப்படி என்று பழக்குகிறார் போல என்று அமிர்தவள்ளி நினைத்துக்கொண்டாள். பஸ்ஸில் போகும்போதே பேசாமல் இருந்து பார்த்தாள். கஷ்டமாகத்தான் இருந்தது.

வாணியம்பாடியில் ஒரு சந்துக்குள் இருந்தது பக்ருன்னிசாவின் வீடு. மஹபூப் பாஷாவின் அப்பாவுக்குத் தங்கை; அத்தை என்ற முறையில் எல்லோருக்கும் பூப்பிமா. எண்பதை நெருங்கும் வயது, கண்பார்வை மங்கிவிட்டது, குரல் மட்டும் கணீரென்று இருந்தது. தேநீரும் பிஸ்கட்டும் வந்தன. அமிர்தவள்ளி ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து, பிஸ்கட்டைத் தின்று வாயை அடைத்துக்கொண்டாள்.

“பூப்பிமா, மஹபூப் பாய் கைக்குழந்தையா இருந்தப்போ வீட்ல என்னென்ன நடந்துச்சின்னு ஞாபகம் இருக்கா?” என்று கௌசர் பொதுவாகக் கேட்டார்.

“ஏன் இல்ல? அண்ணி மவுத்தாய்ட்டாங்க. கொழந்த பகலும் ராத்திரியும் ஒரே அழுவ. அப்போ ஒரு அம்மா வந்தாங்க. தூத் மா, பால் குடுக்கற அம்மா. பேரு நாக்குல நிக்குது, வெளிய வர மாட்டேங்குது பாரு. கையில தேள் மாதிரி பச்சை குத்தியிருப்பாங்க. நான் சின்ன பொண்ணு, தினம் அதைத் தொட்டுத் தொட்டுப் பாப்பேன். கொட்டுமான்னு கேப்பேன்.”

அமிர்தவள்ளி தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டாள். அம்மாவின் வலது கையில் தேள் இருந்தது. கௌசர் அவள் பக்கம் திரும்பாமலே, பேசாதே என்று விரலை அசைத்தார்.

“அவங்க நல்லா கதை சொல்வாங்க. ஒருவாட்டி எங்கள ரயில்ல கூட்டிக்கினு போனாங்க. எனக்கு மொத ரயில் அது தான்! ஒரு மலைக்குப் போனோம். அவங்க சாமி மலை. ஜாஸ்தி கூட்டம். அவங்க மேல ஏறினாங்க. நானும் எங்க சமையல்கார அம்மாவும் கீழ மரத்தடியில உக்காந்துட்டோம். கொழந்த என் மடியில. அப்போ ஒரு கொரங்கு வந்துச்சி பாரு. இவ்ளோ பெருசு. என் கையில இருந்த…”

“பன்னு!” என்று கத்திவிட்டாள் அமிர்தவள்ளி.

கிழவி திடுக்கிட்டு அவள் பக்கம் திரும்பினார். இனி அடக்குவதற்கு ஒன்றுமில்லை. அமிர்தவள்ளி நாற்காலியை விட்டு எழுந்து வந்து அவர் கட்டிலருகே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“பன்னைப் புடுங்கிக்கினு போய்டுச்சி. நீங்க ஒரு பக்கம் அழுதீங்க, புள்ள ஒரு பக்கம் அழுதுது. எங்கம்மா மூச்சு வாங்க ஓடி வந்து, யாரை மொதல்ல தூக்கறதுன்னு தெரியாம ரெண்டு பேரையும் சேத்து அணைச்சிக்கினாங்க. அந்தப் பொண்ணு நீங்க தானாம்மா?”

“நீ யாரு?”

“கன்னியம்மா பொண்ணு.”

“கன்னிமா!” என்றார் பக்ருன்னிசா. தொலைந்த பெயர் கிடைத்துவிட்டது. “ஆமா, கன்னிமா. நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம்.” அமிர்தவள்ளியின் வலது கையை இழுத்து, முழங்கைக்குக் கீழே விரலால் தடவித் தேடினார். அங்கே தேள் இல்லை. இல்லை என்று தெரிந்த பிறகும் அந்தக் கையை விடவில்லை. “அவங்கள அனுப்பிச்ச அன்னைக்கு நான் சாப்பிடவே இல்ல, தெரியுமா உனக்கு?”

மூவரில் யார் முதலில் அழுதது என்று பிறகு கேட்டால் ஒவ்வொருவரும் மற்றவரைச் சொன்னார்கள். வெளியே வந்ததும் கௌசர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பன்னு விஷயத்தை நீங்க கிளாஸ்ல சொல்லவே இல்லியேக்கா” என்றார்.

“சொல்லத்தான் வந்தேன். டைம் ஆச்சின்னு நீங்க தானே நிறுத்தினீங்க!”

“நல்ல வேளை நிறுத்தினேன். இல்லன்னா நான் தான் அவங்களுக்கு சொல்லிக் குடுத்தேன்னு ஆயிடும், இது பென்சிலாவே இருந்திருக்கும்.”

திரும்பும் வழியில் கௌசர் மற்றதைச் சொன்னார். மஹபூப் பாஷாவை வளர்த்த சின்னம்மா தங்கமானவர். அவர் மனம் நோகக் கூடாது என்று, அவர் இருந்தவரை மஹபூப் பாஷா பால் கொடுத்தவரைப் பற்றி யாரிடமும் வாய்திறந்து கேட்கவில்லை. அவர் காலத்துக்குப் பிறகு கேட்டபோது முழு விவரம் சொல்ல ஆளில்லை. மாதனூர் பக்கத்துப் பெண் என்ற ஒன்றுதான் அவருக்குக் கிடைத்தது. பக்ருன்னிசாவுக்கும் பெயர் மறந்துவிட்டது. குரங்கு கதையை ஒரு விவரமாக அவர் நினைக்கவே இல்லை. மஹபூப் பாஷா குழுவில் சேர்ந்ததும், வீட்டைக் கொடுத்ததும், தன் குடும்பத்தின் ஷஜராவை எழுதச் சொன்னதும் அந்தப் பெண்ணைத் தேடித்தான். பெற்ற தாயின் பெயருக்குப் பக்கத்தில் ஓர் இடத்தைக் காலியாக விடச் சொல்லியிருந்தார்.

“அப்போ நான் உக்காந்து கணக்கு போடற கூடம்…” என்றாள் அமிர்தவள்ளி.

“அந்த வீடு தான்க்கா” என்றார் கௌசர்.

அந்த வாரமே மஹபூப் பாஷா ரயிலேறி வந்தார். நெடுநெடுவென்று ஒல்லியான மனிதர். இதயத்தில் ஆபரேஷன் ஆனதால் நிதானமாக நடந்தார். கூடத்தில் அமிர்தவள்ளியைக் கண்டதும் ஸலாம் சொல்லக் கை தூக்கி, பிறகு வணக்கம் சொல்லக் கூப்பி, இரண்டும் பாதியில் நிற்க அப்படியே நின்றுவிட்டார்.

“அம்மா போட்டோ ஏதாவது இருக்காம்மா?”

வோட்டர் கார்டில் இருந்ததைப் பெரிதாக்கி வைத்திருந்த ஒரே படம்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தாள். படம் பிடிக்கும்போது கன்னியம்மா கண்ணைப் பாதி மூடிவிட்டிருந்தார். மஹபூப் பாஷா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் அதைப் பார்த்தார்.

“இவங்க இருக்கும்போதே நான் வந்திருக்கணும். ஆம்பூர் எங்க இருக்கு, மெட்ராஸ் எங்க இருக்கு? ரயில்ல ரெண்டு மூணு மணி நேரம். நான் உயிரோட நிக்கறதே அவங்களால. ஒரு வார்த்தை நன்றி சொல்லல.”

“நீங்க இன்னா சொல்றீங்க? நாங்க தான் உங்களுக்கு சொல்லணும்” என்றாள் அமிர்தவள்ளி.

அவர் புரியாமல் பார்த்தார்.

“புள்ள போனதும் எங்கம்மா ஜுரத்துல கெடந்தாங்க. ஜன்னி வந்து போய்டுவாங்கன்னு எல்லாரும் பேசிக்கினாங்களாம். நீங்க வாய் வெச்சதும் தான் பாலும் எறங்கிச்சி, ஜுரமும் எறங்கிச்சி. ‘நான் அவனுக்கு பால் குடுத்தேன்னு ஊர்ல சொல்றாங்க, அவன் எனக்கு உசுரு குடுத்தான்’னு எங்கம்மா எத்தினியோ வாட்டி சொல்லியிருக்காங்க. அவங்க பொழைக்கலன்னா நான் ஏது? என் புள்ள ஏது?”

மஹபூப் பாஷா பக்கத்திலிருந்த பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்தார். அது வகுப்புப் பெண்கள் உட்காரும் பெஞ்சு. அவருக்குக் குட்டையாக இருந்தது.

“எங்க மார்க்கத்துல ஒண்ணு இருக்கும்மா. பால் குடுத்தவங்க தாய். அவங்க வயித்துல முன்ன பொறந்தவங்க, பின்ன பொறந்தவங்க எல்லாரும் கூடப் பொறந்தவங்க. இது மரியாதைக்காக சொல்ற வார்த்தை இல்ல. சட்டமே அப்படித்தான். நீ எனக்கு தங்கச்சி.”

கூடப் பிறந்தவர் என்று அமிர்தவள்ளிக்கு அதுவரை யாரும் இருந்ததில்லை. “அண்ணே” என்று கூப்பிட்டுப் பார்த்தாள். கம்பெனியில் செக்யூரிட்டி முதல் டிரைவர் வரை எல்லோரையும் அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறாள். இந்த முறை அதையே இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து மகனுக்கு போன் செய்து எல்லாவற்றையும் கொட்டினாள். இளம்பரிதி கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு, “அந்த ஷஜராவ செவுத்துல மாட்டுவாங்களா?” என்றான்.

“மாட்டுவாங்களாம். வூடு ரிப்பேர் முடிஞ்சி தொறக்கும்போது.”

“நல்லா யோசிச்சிக்கம்மா. பணக்காரங்க வூட்டுக்கு நம்ம வூட்டு பொம்பள பால் குடுக்கப் போனாங்கன்னு எழுதி மாட்டுவாங்க. அதுக்கு நாம போயி நின்னு கை தட்டணுமா?”

அமிர்தவள்ளிக்குச் சுருக்கென்றது. அவன் சொல்வதில் தப்பு என்று ஒதுக்கவும் முடியவில்லை. அம்மாவை அந்த வீட்டில் எந்தத் தட்டில் சாப்பிடவைத்தார்கள், எங்கே படுக்கவைத்தார்கள் என்று அவள் கேட்டதே இல்லை. சில நாட்கள் வகுப்புக்குப் போகாமல் இருந்தாள். பிறகு போய் கௌசரிடம் அப்படியே சொல்லிவிட்டாள்.

“தம்பி கேக்கறது நியாயம் தான்க்கா. நாங்க யோசிக்காம விட்டுட்டோம்” என்றார் கௌசர். அன்றே மஹபூப் பாஷாவுக்கும் சொன்னார். மஹபூப் பாஷா இளம்பரிதியை போனில் கூப்பிட்டார்.

“தம்பி, நீங்க ஒரு தடவை வந்து பாருங்க. நீங்க சரின்னு சொல்ற வரைக்கும் எதையும் மாட்ட மாட்டோம்.”

இளம்பரிதி சனிக்கிழமை காலை பஸ்ஸில் வந்து இறங்கினான். முகத்தை இறுக்கமாகத்தான் வைத்திருந்தான். கூடத்து மேசையில் கௌசர் வரைபடத்தை விரித்தார். ஆறு தலைமுறை. வேரிலிருந்து கிளைகிளையாகப் பெயர்கள். மஹபூப் பாஷாவின் பெயரிலிருந்து ஒரு கோடு பக்கவாட்டில் போய், ‘பாலூட்டிய தாய் கன்னியம்மா’ என்ற இடத்தில் முடிந்திருந்தது.

அவன் குனிந்து நிதானமாகப் படித்தான். பிறகு அந்த ஒற்றைப் பெயரின் மேல் விரலை வைத்தான்.

“இங்க எல்லாருக்கும் அப்பா, அம்மா, தாத்தா இருக்காங்க. எங்கம்மாவ பெத்த ஆயா மட்டும் தனியா நிக்கறாங்க. அவங்க வானத்துலேர்ந்தா வந்தாங்க? அவங்களுக்கு அப்பா அம்மா இல்லியா? புருஷன் இல்லியா? செத்துப்போன அந்தப் புள்ள எங்க? அது இல்லன்னா இவருக்கு ஏது பாலு?”

சென்னையிலிருந்து உடன் வந்திருந்த மஹபூப் பாஷாவின் மருமகன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மஹபூப் பாஷா அவரைக் கையமர்த்தினார்.

“தம்பி சொல்றது தான் சரி. அந்தக் குழந்தைக்கு சேர வேண்டியத நான் குடிச்சேன். அவன் பேரு என் பேருக்கு மேல வரணும்.” அமிர்தவள்ளியிடம் திரும்பி, “அண்ணன் பேரு என்னம்மா?” என்று கேட்டார்.

“பேர் வெக்கறதுக்குள்ள போய்ட்டான்” என்றாள் அவள். அண்ணன் என்று அந்தக் குழந்தையை அதுவரை அவளே நினைத்ததில்லை.

இளம்பரிதியின் சம்மதத்துக்காகப் பென்சிலிலேயே விட்டிருந்த அந்தக் கோட்டைக் கௌசர் ரப்பரால் அழித்தார். “இது ஒரு மரம் இல்ல, ரெண்டு மரம். எனக்கு ரெண்டு மாசம் டைம் குடுங்க” என்றார். இளம்பரிதியின் முகம் அப்போதுதான் தளர்ந்தது. மத்தியானம் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனான்.

அதன்பிறகு கன்னியம்மாவின் வேரைத் தேடி அமிர்தவள்ளியும் கௌசரும் மாதனூரைச் சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் போனார்கள். கேள்வியோடு வந்த கௌசரைப் பார்த்து முதலில் ஒதுங்கிய பெண்கள், அமிர்தவள்ளி வாயைத் திறந்ததும் பாயை விரித்தார்கள். அவர்களில் பலர் அவளிடம் திட்டு வாங்கியவர்கள். கன்னியம்மாவின் அப்பா தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தவர் என்றும், பெயர் ஆதிகேசவன் என்றும் ஒரு ஊரில் சொன்னார்கள். இன்னொரு ஊரில் அதையே வேறொருவர் சொன்னார். பென்சில் எழுத்து மையாயிற்று. அவருக்கும் முந்திய இரண்டு தலைமுறை கிடைத்தது. அதற்கு மேல் கிடைக்கவில்லை. கிடைக்காத இடத்தில் ‘இதற்கு மேல் தெரியவில்லை’ என்றே எழுதினார்கள். மஹபூப் பாஷாவின் மரத்திலும் ஓர் இடத்துக்கு மேல் அதே வரிதான் இருந்தது.

இடையில் பரீட்சையும் வந்தது. தமிழில் நல்ல மார்க். சமூக அறிவியலில் வகுப்பிலேயே முதல். கணக்கில் தட்டுத்தடுமாறிப் பாஸ். முடிவு வந்த அன்று மஹபூப் பாஷா சென்னையிலிருந்து அனுப்பிய புடவையும், பக்ருன்னிசா வாணியம்பாடியிலிருந்து கொடுத்தனுப்பிய மக்கன்பேடா இனிப்பும் வந்து சேர்ந்தன. இளம்பரிதி தன் ஆபீஸ் முழுக்க ஸ்வீட் கொடுத்தானாம்.

தை மாதத்தில் வீட்டைத் திறந்தார்கள். வெள்ளை வெளேரென்று புதுச் சுண்ணாம்புச் சுவர். மாதனூர் பக்கத்திலிருந்து அமிர்தவள்ளியின் சொந்தக்காரர்கள் ஒரு வேன் நிறைய வந்தார்கள். சென்னையிலிருந்து மஹபூப் பாஷாவின் ஆட்கள் கார்களில் வந்தார்கள். முதலில் கூடத்தின் இந்தப் பக்கம் இவர்களும் அந்தப் பக்கம் அவர்களுமாக, யாரிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து, சுவரில் தங்கள் பெயரைத் தேடப் போனார்கள். ஒரே சுவர். ஒருவர் தலைக்கு மேல் இன்னொருவர் எட்டிப்பார்க்க வேண்டியிருந்தது. “இது நான்”, “அது எங்க மாமா”, “கொஞ்சம் தள்ளுங்க, என் பொண்ணு பேர போட்டோ எடுத்துக்கறேன்” என்று பேச்சு கிளம்பிவிட்டது. அருகருகே நிற்கும் இரண்டு மரங்கள். கன்னியம்மாவிடமிருந்து மூன்று கோடுகள். ஒன்று ‘மூத்த மகன்’ என்று மட்டும் எழுதிய இடத்துக்கு. ஒன்று அமிர்தவள்ளிக்கு. இன்னொன்று மரம் தாண்டி மஹபூப் பாஷாவுக்கு. இளம்பரிதி தன் மகளைத் தோளில் தூக்கிவைத்து, அவள் விரலைப் பிடித்து ஒவ்வொரு கோட்டிலும் ஓடவிட்டுக் காட்டிக்கொண்டிருந்தான்.

அமிர்தவள்ளி ஒரு தூணருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கூடத்தில்தான் எங்கோ அம்மா அந்தக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எந்த மூலை என்று கேட்டால் பக்ருன்னிசாவுக்கும் நினைவில்லை. அதனால் கூடம் முழுவதுமே அவர் உட்கார்ந்த இடமாக அவளுக்குத் தெரிந்தது. நெஞ்சு நிறைந்து, யாருக்கென்று தெரியாமல் மனதுக்குள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

சாப்பாடு முடிந்து கூட்டம் சற்றுக் குறைந்ததும் பக்ருன்னிசா அவளைக் கூப்பிட்டார். சுவருக்கு எதிரே அவருக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். ஆனால் அவர் கண்ணுக்கு அங்கே வெண்மை மட்டும்தான் தெரிந்தது.

“எல்லாரும் பாத்துட்டாங்க. எனக்கு நீ படிச்சி சொல்லு.”

அமிர்தவள்ளி சுவரருகே போய் நின்று, பள்ளிக்கூடத்தில் படிப்பதுபோல உரத்த குரலில், இரண்டு மரத்தின் பெயர்களையும் ஒன்றுவிடாமல் படித்தாள். படித்து முடித்ததும் கிழவி திருப்தியில்லாமல் தலையை ஆட்டினார்.

“கன்னிமா பேரு வேகமா போய்டுச்சி” என்றார். “அந்தப் பக்கத்த மட்டும் இன்னொருவாட்டி நிதானமா படி.”

அமிர்தவள்ளி நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டு, ஆதிகேசவனின் பாட்டனிலிருந்து மறுபடியும் தொடங்கினாள்.